அளவிட்டவரின் கவனக்குறைவு

அலுவலகத்தில் அவனை மாடல்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எந்தத் துணிக்கடை விளம்பரத்தில் நிற்கிறார் என்று யாரிடமோ கேட்டு, அந்தக் கதை மூன்று மாடியும் சுற்றி அவன் காதுக்கே வந்து சேர்ந்தது. அவனும் சிரித்துவிட்டான். பெய்த மழையின் அளவைக் கணினிக்குக் கொடுத்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்கிற கணக்குமுறைக்குத்தான் மாடல் என்று பெயர். ஒவ்வொரு ஆற்றுக்கும் மண் வேறு, சரிவு வேறு. அதனால் மாடலுக்குள் ஏழெட்டுத் திருகுகள் இருக்கும். கணக்கு சொல்கிற தண்ணீரும் ஆற்றில் நிஜமாக ஓடிய தண்ணீரும் ஒத்துப்போகிற வரை அவற்றைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். பதினெட்டு வருடமாக அவன் சம்பளம் வாங்கியது இந்தத் திருகலுக்குத்தான்.

அந்த வருடம் வந்த வேலை ஒரு சுவரைப் பற்றியது. பெரிய பாலத்துக்கு நான்கு கிலோமீட்டர் கீழே, ஆறு வளைகிற பள்ளத்தில், அறுநூறு வீடுகள் கட்டப்போகிறார்கள். வெள்ளம் உள்ளே வராமல் இருக்க ஆற்றோரம் சுவர் எழுப்பவேண்டும். எவ்வளவு உயரம் என்று மாடல்தான் சொல்லவேண்டும்.

மாடலைத் திருகுவதற்கு, ஆற்றில் நிஜமாக ஓடிய தண்ணீரின் அளவு வேண்டும். அதுதான் இல்லை. பாலத்துத் தூணில் வரைந்திருந்த அளவுகோலைப் பார்த்துத் தினமும் நீர்மட்டத்தை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். மட்டம் இவ்வளவென்றால் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய, யாராவது பாலத்தின் மேல் நின்று மீட்டரை ஆற்றுக்குள் இறக்கி ஓட்டத்தின் வேகத்தை அளந்திருக்கவேண்டும். பதினொரு வருடத்தில் முப்பத்தேழு தடவைதான் அப்படி அளந்திருந்தார்கள். அதில் முப்பத்தாறு, ஆறு முழங்கால் அளவுக்கு ஓடிய நாட்களில் எடுத்தவை. வெள்ளத்தில் அளந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றை அளந்தவர் அவனுடைய மனைவியின் அண்ணன்.

மச்சான் படித்தது பத்தாவது வரைதான். ஆனால் ஆற்றோரத்தில் பதினான்கு வருடம் தற்காலிக ஊழியராகக் காலம் தள்ளியிருந்தார். தங்கை புருஷன் அதே துறையில் பொறியாளர் என்பதை அவர் அலுவலகத்தில் எங்கேயும் காட்டிக்கொண்டதில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் எல்லோரையும் போல ஒதுங்கி நின்று வணக்கம் சொல்வார். வீட்டுக்கு வந்தால்தான் மாப்பிள்ளை என்பார். அப்போது கேலிக்குக் குறைவே இருக்காது.

வெள்ளத்தன்று எழுதிய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மச்சான் வீட்டுக்குப் போனான். அவர் சமையலறை மேஜை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, கழன்ற குழாய் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்கள்தான். சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும் இல்லை.

"மச்சான், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லுங்க. பாலத்துக்குக் குறுக்க பதினஞ்சு இடத்துல அளக்கணும். பதினொண்ணுதான் இருக்கு."

"பன்னிரண்டாவதுலதான் மரம் வந்துச்சு, மாப்பிள்ளை." அவர் குழாயைக் கீழே வைத்தார். "கூட வந்த ரெண்டு பேரும் பாலமே ஆடுதுன்னு இறங்கிட்டாங்க. நான் மீட்டரோட ஈயக்கட்டிய இறக்கினேன். முழுசா ஒரு மரம், வேரோட வந்து கம்பியில மாட்டிக்கிச்சு. கப்பி சுத்தின சுத்துல ரெண்டு விரல் கணக்குல இருந்து கழிஞ்சு போச்சு."

"பதினொண்ணும் நம்பலாமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணச் சொல்றீங்களா?" சிரித்தார். "ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை பார்த்தேன். மரம் வந்தப்புறம் தூண்ல மட்டத்தையும் பார்த்து எழுதிட்டுத்தான் வண்டியில ஏறினேன். கடைசி வரி பாருங்க, இடது கையால எழுதினது. கோழி கிறுக்கினாப்புல இருக்கும்."

பக்கத்தின் அடியில் 'மட்டம் 5.8' என்று எழுத்துகள் சாய்ந்து கிடந்தன. சுற்றிலும் பழுப்பாக ஒரு கறை. அவன் அதைத் தொடாமல் பக்கத்தைத் திருப்பினான்.

"இத்தனை வருசமா அந்த நம்பர யாரும் கேட்கல," என்றார் மச்சான். "நீங்களாவது கேட்டீங்களே. எதுக்காவது உபயோகப்பட்டா சரி."

அளக்காமல் விட்ட நான்கு இடங்களைப் பக்கத்து அளவுகளை வைத்து நிரப்பிப் பார்த்தான். நொடிக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கன மீட்டர் வந்தது. பத்துப் பன்னிரண்டு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போகாது. அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் மாடலைத் திருகினான். ஒரு திருகைச் சரி செய்தால் இன்னொன்று இடிக்கும். மண் குடிக்கிற தண்ணீரைக் குறைத்தால் சின்ன மழைக்கே ஆறு பொங்கும். கூட்டினால் வெள்ளமே வராது. கடைசியில் ஒரு வழியாக எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்து வந்தது. பிரமாதம் என்று சொல்லமுடியாது. ஆனால் நாணயமான பொருத்தம். சுவர் ஐந்தரை மீட்டர் இருக்கவேண்டும் என்றது மாடல்.

அதைத் தலைமைப் பொறியாளரிடம் கொண்டுபோனான். அவருக்குத் தசமம் என்று பெயர். எதைச் சொன்னாலும் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் கேட்பார். டீக்குச் சர்க்கரை போடச் சொல்லும்போதுகூட ஒன்றே கால் ஸ்பூன் என்பார். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் தவறாமல் போகிறவர்.

தசமம் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். கீழே ஒரு மூலையில் முப்பத்தாறு புள்ளிகள் எறும்புக் கூட்டமாக மொய்த்திருந்தன. மேலே, தூரத்தில், ஒற்றைப் புள்ளி.

"சுவர் நாலு மீட்டர்னு போன வருசமே அறிவிச்சாச்சு. அடித்தளமும் போட்டாச்சு. அந்த அடித்தளம் அஞ்சரை மீட்டரத் தாங்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா கணக்கு அப்படித்தான் வருது."

"முப்பத்தாறு பேர் ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தன் வேற ஒண்ணு சொல்றான். நீங்க யாரை நம்புவீங்க?"

"முப்பத்தாறும் வெள்ளத்தப் பார்த்ததில்ல சார்."

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒண்ணு முழுசா அளந்ததா?"

"பதினஞ்சுல பதினொண்ணு."

"அப்ப அரைகுறை அளவு. அதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. ஓட்டிப் பார்க்கிறதுல என்ன தப்பு?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பிரிவுத் தலைவர் இடம் காலியா இருக்கு. உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். இந்த அறிக்கை நல்லபடியா போகட்டும்."

"ரெண்டு கணக்கையும் போட்டு, இதுலேர்ந்து இது வரைக்கும் இருக்கலாம்னு எழுதிடறேன் சார்."

"சுவரை இதுலேர்ந்து இது வரைக்கும் கட்ட முடியாது. ஒரே நம்பர் குடுங்க."

அன்று மதியம் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மாடலை ஓட்டினான். ஓட்டிப் பார்க்கத்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டான். இருபது நிமிஷத்தில் முடிவு வந்தது. மாடலுக்கும் ஆற்றுக்கும் அவன் வாழ்க்கையில் பார்த்திராத பொருத்தம். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. இடிக்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டால் மீதிப் பேருக்குள் சண்டை இருக்காதுதான். அது தெரிந்தும் அவனுக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பின்னால் பல நாள் அவன் தன்னை மன்னிக்காதது அந்த ஒரு நொடியைத்தான்.

சுவர் மூன்று புள்ளி ஒன்பது மீட்டர் போதும் என்று வந்தது.

அறிக்கையில் முதலில் 'அன்றைய அளவீடு முழுமையடையாததால் சேர்க்கப்படவில்லை' என்று எழுதினான். சரிபார்க்கப் போன இடத்திலிருந்து, நீக்கியதற்கு இந்தக் காரணம் போதாது, வலுவாக எழுதவும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவனுக்கு அந்த அறிக்கையைக் கையைவிட்டுத் தள்ளினால் போதுமென்று இருந்தது. அந்த வாக்கியத்தை மாற்றினான். 'அன்றைய அளவீடு, அளவிட்டவரின் கவனக்குறைவால் பிழையானது எனக் கருதி நீக்கப்படுகிறது.' நாற்பத்து மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது பத்தி. இருநூறு பக்க அறிக்கையில் அதை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்தான்.

அவனுடைய மனைவி பள்ளி ஆசிரியை. அவன் எழுதுகிற அறிக்கை எல்லாவற்றிலும் சந்திப்பிழை திருத்திக் கொடுப்பவள் அவள்தான். இந்த ஒன்றை மட்டும் அவன் அவளிடம் காட்டவில்லை. அவசரமாகக் கேட்டார்கள் என்றான்.

ஐந்து மாதம் போயிற்று. பதவி உயர்வுக்கான கோப்பு ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. சுவர் இடுப்பளவுக்கு எழுந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே ஏதாவது கேலியோடு நுழைகிறவர், அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

பணியில் காயம்பட்டவர் என்ற முறையில் தன்னை நிரந்தரமாக்கும்படி அவர் விண்ணப்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு வந்த பதில் அது. காயம் ஊழியரின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் விதிப்படி நிரந்தரமாக்க இயலாது. குறிப்பிட்ட தேதியில் இந்த ஊழியர் கவனக்குறைவாகப் பணியாற்றினார் என்பது துறையின் தொழில்நுட்ப அறிக்கையிலேயே, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், பதிவாகியுள்ளது. திங்கட்கிழமை முதல் இவர் அளவீட்டுப் பணியில் ஈடுபடுத்தப்படாமல் கிடங்குக் காவலுக்கு மாற்றப்படுகிறார்.

"நீங்கதான் படிச்சவரு, மாப்பிள்ளை," என்றார் மச்சான். "மேல்முறையீடு ஒண்ணு எழுதிக் குடுங்க. அப்படியே இந்த அறிக்கைய எழுதின புண்ணியவான் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அடிக்கல்லாம் மாட்டேன். எந்த வேலையில என்ன கவனக்குறைவு பார்த்தாருன்னு கேட்கணும், அவ்வளவுதான்."

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பார்க்கிறேன் மச்சான்," என்று மட்டும் வாயில் வந்தது. உள்ளே போய் மேஜை முன்னால் உட்கார்ந்து மேல்முறையீட்டை எழுதவே ஆரம்பித்தான். நன்றாகவே எழுதினான். தான் எழுதிய வாக்கியத்தைத் தானே நான்கு காரணம் காட்டி அடித்தான். மச்சான் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்படி ஒரு ஆளு நம்ம பக்கம் இருக்கிறப்ப எனக்கென்ன கவலை," என்று எழுந்து போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி உட்காரவில்லை.

"அந்தப் பாலத்து ஆத்துக்கு மாடல் போட்டது யாரு?"

அவன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான்.

"போன வருசம் ஒரே ஒரு அறிக்கைய மட்டும் என்கிட்ட காட்டல. அவசரம்னீங்க. அதுவா இது?"

"அவங்க கேட்டாங்க... அந்த வார்த்தைய நான் அந்த அர்த்தத்துல எழுதல. அவரு ஃபைலுக்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேற எந்த அர்த்தத்துல எழுதினீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. வகுப்பில் தப்பாக எழுதிய பையனைக் கேட்பதுபோல நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "எங்கண்ணனுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனான். துருப்பிடித்த குழாய்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தசமம் கேட்டது, பென்சில் குறிப்பு, பதவி, எதையும் விடவில்லை. மென்று விழுங்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் நிறுத்தினான்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த நம்பர் சரியா, தப்பா?"

"சரி மச்சான்."

"அப்ப செவரு?"

"ஒன்றரை மீட்டர் குறைவு."

"அறுநூறு வீடு," என்றார் மச்சான். பிறகு எழுந்து, ஒரு கண்காணிப்பாளர் வந்தால் எப்படி நாற்காலியை நகர்த்துவாரோ அப்படி அதை அவன் பக்கமாக நகர்த்தினார். "உட்காருங்க சார்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் அங்கே உட்காரவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை.

மேல்முறையீட்டை விசாரிக்க மூன்று பேர் குழு போட்டார்கள். அவன் தானாகவே சாட்சியாகப் போனான். அதற்கு முன்தினம் தசமம் கூப்பிட்டு, பதவி உயர்வு உத்தரவு கையெழுத்தாகி மேஜையில் கிடக்கிறது, நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் புதன்கிழமை அறை மாறலாம் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அவன் போனான். அளவு சரியென்றும், நீக்கியது தவறென்றும், கவனக்குறைவு என்ற சொல் தன்னுடையதென்றும், அது பொய்யென்றும் சொன்னான். சொல்லி முடித்தபோது பல மாதத்துக்குப் பிறகு மூச்சு நேராக வந்தது போலிருந்தது.

குழுவின் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விண்ணப்பதாரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மனைவியோட அண்ணன்."

"கூடப் பிறந்த அண்ணன்?"

"ஆமா."

தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுதினார். "அறிக்கை எழுதும்போது இந்த உறவு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"அப்ப உறவையும் மீறி நேர்மையா எழுதியிருக்கீங்க. இப்ப குடும்பத்துல நெருக்கடி வந்ததும் மாத்திச் சொல்றீங்க. இப்படித்தானே நாங்க எடுத்துக்கணும்? அறிக்கை துறையோட ஆவணம். மூணு பேர் சரிபார்த்து ஒப்புக்கொண்டது. நீங்க இப்ப சொல்றது உங்க சொந்தப் பேச்சு."

அவன் குறிப்பேட்டை நீட்டினான். நான்கு இடம் காலியாக இருப்பதை அவர்களே சுட்டிக்காட்டினார்கள். விசாரணை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. நெருங்கிய உறவினரின் வாக்குமூலம் என்பதால் ஏற்கத்தக்கதல்ல என்று இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. விசாரணை முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது மச்சான் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவன் எட்டி நடந்தான். அவர் செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

மேஜையில் கிடந்த உத்தரவு யாருக்கும் தெரியாமல் கிழிந்தது. குடிநீர்க் குழாய்ப் புகார்ப் பிரிவுக்கு அவனை மாற்றினார்கள். எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தொலைபேசியில் கேட்டு எழுதும் வேலை. வீட்டில் மனைவி பேசினாள். பிள்ளைக்குப் பள்ளியில் கூட்டம், மின்விசிறி சத்தம் போடுகிறது, இந்த மாதிரிப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தாள். அவன் போய்ச் சொன்னது அவளுக்குக் கொஞ்சமாவது பெரிதாகப் பட்டதா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

சுவர் முடிந்தது. வீடுகளில் ஆட்கள் குடிவந்தார்கள். மச்சான் கிடங்கு வேலை முடிந்த பிறகு சைக்கிளில் அங்கே போய், வாசல் வாசலாக நின்று, இந்தச் சுவர் போதாது, தரைத் தளத்தில் சாமான் வைக்காதீர்கள் என்று சொல்லிவருவதாக மனைவி ஒருநாள் சொன்னாள். சிலர் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களாம். சிலர், மனை விலையைக் குறைக்க எவனோ அனுப்பிய ஆள் என்று விரட்டினார்களாம்.

அடுத்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. மூன்றாம் நாள் காலை அவனும் பாலத்துக்குப் போனான். ஆறு செம்மண் நிறத்தில் அகன்று ஓடியது. கீழே சுவரில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, உச்சிக்கு முக்கால் மீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டதாக அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் வடிய ஆரம்பித்தது. மாடல் களத்தில் நிரூபணமாகிவிட்டதென்று தசமம் சுற்றறிக்கை அனுப்பினார். அது அவனுடைய பழைய மாடல்தான். பாராட்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். மேல்மலையில் பழைய வெள்ளத்தின்போது பெய்ததில் பாதி மழைதான் பெய்தது என்பது சுற்றறிக்கையில் இல்லை.

அன்று பாலத்துக் கைப்பிடியருகே மச்சான் நின்றுகொண்டிருந்தார். மீட்டர் இல்லை, கப்பி இல்லை. கையில் ஒரு பழைய கைக்கடிகாரம். மிதந்து வருகிற கட்டை ஒன்று மேலே கரையில் நின்ற பனைமரத்தைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பார்ப்பார். அது பாலத்தடிக்கு வந்ததும் மறுபடி பார்த்து ஒரு தாளில் எழுதுவார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து, புது வீட்டில் குடியிருக்கும் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னய்யா, வீடு முழுகும்னு பிள்ளைங்கள எல்லாம் பயமுறுத்தினியே. எங்க முழுகிச்சு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முழுகல," என்றார் மச்சான். "நல்லதுதாங்க."

அந்த ஆள் இன்னும் ஏதோ சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் தூக்கி ஆற்றைக் காட்டினார். சற்றுத் தள்ளி நின்ற அவனுக்கு அவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது, யாராக நின்று சொல்வது என்று தெரியவில்லை. மெல்ல மச்சான் பக்கத்தில் போனான்.

"கடிகாரத்த நான் பிடிக்கட்டுமா?"

அவர் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம் சார். ஒரே ஆளு பார்த்தாத்தான் கணக்கு சரியா வரும்."

வேரோடு ஒரு புதர் மிதந்து வந்துகொண்டிருந்தது. மச்சான் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அவன் அவருடைய பார்வையை மறைக்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.